பொம்பளைப் பேப்பர்

ஈசிஜி அறையில் சின்னவளுக்கு முதல் நாளே பிடிக்காமல் போனவை அந்த ரப்பர் பல்புகள்தான். எலுமிச்சம்பழ அளவில் ஆறு பல்புகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் உலோகக் கிண்ணம். பல்பை அமுக்கி நெஞ்சில் வைத்து விட்டால் அட்டை மாதிரிக் கவ்விக்கொள்ளும். பிடுங்கும்போது சப்புக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கிண்ணத்தின் விளிம்பில் முந்தின ஆளின் ஜெல் இருக்கும். அதற்கு அடியில், காய்ந்து பொருக்கு தட்டிப்போய், அதற்கும் முந்தின ஆளின் ஜெல். இரண்டுக்கும் நடுவில் யாருடையதென்று சொல்ல முடியாத ஒரு சுருண்ட முடி.

துடைப்பதற்கு ஒரு துணி இருந்தது. ஒரு காலத்தில் அது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மூத்த நர்ஸான பெரிய சிஸ்டர் அதை எப்போதும் இரண்டு விரல் நுனியால்தான் எடுப்பாள், செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல. கட்டிலில் விரிக்கிற காகிதத்தை அது கிழிந்தால்தான் மாற்றுவார்கள். கிழியாத வரைக்கும் ஒருவர் முதுகு வியர்வையின் மேல் இன்னொருவர் முதுகு.

சின்னவள் வீட்டுக்கு இரண்டாவது பெண், இந்த அறைக்கு இரண்டாவது நர்ஸ். ஆகவே இரண்டு இடத்திலும் அதுதான் பெயர். எதையும் வரிசைப்படி செய்தால்தான் அவளுக்கு நிம்மதி. முதலில் கைகால் கிளிப், அப்புறம் ஜெல், அப்புறம் நெஞ்சில் ஒன்றிலிருந்து ஆறு வரை. செய்து முடித்த பிறகும் சரியாகத்தான் செய்தோமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பெரிய சிஸ்டருக்கு அது வேடிக்கை.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இப்படி உத்து உத்துப் பாக்காதே. வெளியில வரிசை நிக்குது. பட்டனை அமுக்கு."

வரிசை எப்போதும்தான் நிற்கும். முழு உடல் பரிசோதனைக்கு வந்தவர்கள், கண் ஆபரேஷனுக்கு முன்னால் சான்று வாங்க வந்தவர்கள், நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என எல்லோருக்கும் அந்த ஒரே கட்டில், அதே ஆறு பல்பு.

ஆண்களுக்கு எடுப்பதில் சிக்கல் இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், முடி அதிகமாக இருந்தால் வழிப்பார்கள், வைப்பார்கள். பெண்களுக்கு இந்த அறையில் வேறு வழக்கம். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது பல்புகள் மார்பகத்துக்கு அடியில், விலாவை ஒட்டிப் போக வேண்டும் என்று படிப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். அதற்கு மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அடியில் இருக்கும் வியர்வையைத் துடைக்க வேண்டும். சிலருக்கு அங்கே படை இருக்கும், புண் இருக்கும். பவுடரும் வியர்வையும் சேர்ந்து களிம்பாகியிருக்கும். நாற்றம் இருக்கும். யாரோ ஒரு நர்ஸ், இவள் வருவதற்கு வெகுநாள் முன்னால், ஒரு நோயாளியின் உடம்பைப் பார்த்து "ச்சீ" என்று முகம் சுளித்துவிட்டாளாம். அந்த அம்மாள் மேனேஜர் வரைக்கும் போய்விட்டார். மேனேஜர் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, இனிமேல் பெண்களுக்குச் சட்டையைக் கழற்றக் கூடாது, மரியாதையாக நடத்த வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து கழுத்துப் பட்டனைக் கொஞ்சம் தளர்த்தி, மேலே தெரிகிற இடத்தில் ஆறையும் நெருக்கி நெருக்கி ஒட்டிவிடுவார்கள். "மேலயே ஒட்டு" என்பது அந்த அறையின் தாரக மந்திரம்.

இடம் மாறினால் கோடும் மாறும். மிஷின் தன் புத்திக்கு எட்டியபடி, பாதிப் பெண்களுக்குப் பேப்பரின் தலையில் 'பழைய மாரடைப்பு இருக்கலாம்' என்று அச்சடித்துத் துப்பும். அடுத்த அறையில் இருக்கும் டாக்டர் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். நர்ஸுகள் அவரைக் கையெழுத்து என்றே சொல்வார்கள். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் இது பழகிவிட்டது.

"பொம்பளைப் பேப்பர் இப்படித்தான் இருக்கும்," என்பார்.

யாரும் எதையும் மறைக்கவில்லை. எங்கே ஒட்டுகிறார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். எங்கே ஒட்ட வேண்டும் என்று நர்ஸுகளுக்குத் தெரியும். படுத்திருக்கும் பெண்களும், நல்லவேளை கழற்றச் சொல்லவில்லை என்று மூச்சு விடுவார்கள். ஆக எல்லோருக்கும் சௌகரியம். முதல் வாரம் சின்னவளுக்கு இது உறுத்தியது. இரண்டாவது வாரம் குறைவாக உறுத்தியது. பிறகு அவளும் மேலேயே ஒட்டினாள். உண்மையைச் சொன்னால், அந்த உத்தரவுக்கு உள்ளுக்குள் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு மத்தியான வேளையில் வெளியே நடைபாதையில் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பெரிய சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரோ காலையில சாப்பிட்டதைக் காட்ட வந்துட்டாங்க," என்றாள். சின்னவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய அக்கா.

சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். சட்டையின் முன்பக்கமெல்லாம் மஞ்சளாக வழிந்திருந்தது. பக்கத்தில் மாமா, ஓட்டுநர் சீருடையோடு, அக்காவின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அக்கா! என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடி. உங்க ஆஸ்பத்திரி தரை ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. பொறுக்கல."

அக்கா தையல்காரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். எப்பேர்ப்பட்ட இடத்திலும் ஒரு நக்கல் அடிக்காமல் இருக்க மாட்டாள். ஆனால் இப்போது அதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"காலையிலேர்ந்தே தாடை வலிக்குதுங்கறா. பல்லுன்னு நெனச்சோம்," என்றார் மாமா. "அப்புறம் தோள்பட்டை. நாள் முழுக்கக் கத்திரி புடிக்கிறால்ல, அதனாலன்னு நெனச்சோம். இப்ப வாந்தி. வாயுவாத்தான் இருக்கும், இல்லம்மா?"

சின்னவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்தக் கட்டில், இந்த மிஷின். வரிசையில் நின்றவர்களிடம் கெஞ்சி அக்காவை உள்ளே கூட்டிப் போனாள்.

கட்டிலில் அக்கா படுத்ததும் காகிதம் கிழிந்தது. "பாரு, புதுசு விரிக்க வேண்டியதாப் போச்சு உங்களுக்கு," என்றாள். அருகில் போனபோது வாந்தியின் புளிப்பும் வியர்வையும் குப்பென்று அடித்தன. சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சொந்த அக்கா. சின்ன வயதில் இவளுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் மடியில் வாந்தி எடுக்க வைத்தவள். அவளிடம் வருகிற நாற்றத்துக்கு மூச்சை அடக்கிக்கொள்கிறோமே என்று தன்மேலேயே ஓர் ஆத்திரம் வந்தது. ஆனாலும் மூச்சை அடக்கத்தான் செய்தாள்.

கழுத்துப் பட்டனைத் தளர்த்தினாள். அக்கா உடனே சட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"கழட்டச் சொல்லாதடி."

"வேணாம்க்கா. மேலயே ஒட்டிடுறேன்."

சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. முதலில் கிளிப், அப்புறம் ஜெல், அப்புறம் ஒன்றிலிருந்து ஆறு. வரிசை தப்பவில்லை, இடம் மட்டும்தான் தப்பு. பட்டனை அமுக்கினாள். மிஷின் கரகரவென்று பேப்பரைத் தள்ளியது. தலையில் அதே வரி: பழைய மாரடைப்பு இருக்கலாம்.

கையெழுத்து அதைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"உங்க அக்காவா? சரி, சரி. பயப்படாதம்மா. பொம்பளைப் பேப்பர்தானே, எல்லாருக்கும் இப்படித்தான் வருது." வரியை அடித்தார். "சாப்பாடு ஒத்துக்கலை போல. வயித்துக்கு ஒரு ஊசி போட்டுடு. வேணும்னா ரத்தம் குடுத்துட்டுப் போகட்டும், சாயங்காலம் ரிசல்ட் வந்துடும். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கச் சொல்லு."

ஊசி போட்டாள். ரத்தம் எடுத்தாள். மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "நான்தான் சொன்னேன்ல, வாயுன்னு," என்று வண்டியை எடுத்துவரப் படியிறங்கினார்.

அக்கா நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துப்புரவு செய்பவர் வந்து வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம், "மன்னிச்சுக்கோங்கண்ணே," என்றாள். அதற்கு மேல் நக்கல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கீழ்த்தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், கழன்று விழப் போகிற மாதிரி.

சின்னவள் கையில் பேப்பரை வைத்துக்கொண்டு நின்றாள். அதையே பார்த்தாள். அக்காவின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்ல வேண்டும். அது ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து வந்த எந்தப் பெண்ணின் பேப்பரை அதன் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சமையல் வேலை செய்கிறவள், பள்ளிக்கூடத்து டீச்சர், கண் ஆபரேஷனுக்கு வந்த அம்மாள், இவளுடைய அக்கா, எல்லோருக்கும் ஒரே கோணல். நன்றாக இருப்பவருக்கும் அதுதான், சாகப் போகிறவருக்கும் அதுதான்.

அப்போதுதான் அவளுக்கு நிஜமான குமட்டல் வந்தது. பல்பைப் பார்த்து வருகிற குமட்டல் இல்லை இது. தாடை, தோள்பட்டை, வியர்வை, வாந்தி: நெஞ்சு வலிக்காமலேயே பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும் என்று படித்தது நினைவுக்கு வந்தது.

அக்கா என்பதால் பயப்படுகிறோமா? வேறு யாராவது என்றால் அனுப்பியிருப்போமே. ஆமாம், அனுப்பியிருப்போம். தினமும் அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறோம். டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார், நமக்கு அவரைவிட என்ன தெரியும்? ஆனால் டாக்டர் பார்த்தது எதை? இவள் ஒட்டியதைத்தானே.

"அக்கா, எந்திரிக்காதே. அப்படியே இரு." ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஈசிஜி அறையில் வேறொருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சார், ஒரு நிமிஷம், வெளியில இருங்க," என்று அவரைப் பாதிச் சட்டையோடு வெளியே அனுப்பினாள். பெரிய சிஸ்டர் இடுப்பில் கையை வைத்தாள்.

"என்ன இது? அதான் எடுத்தாச்சே."

"மறுபடி எடுக்கிறேன். சரியா."

"அப்ப இதுவரைக்கும் நாம எடுத்ததெல்லாம் என்னவாம்?"

சின்னவள் அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்தாள். இருவருக்குமே பதில் தெரியும் என்பதால் அந்தக் கேள்வி அறையிலேயே கிடந்தது.

"சட்டையைக் கழட்டணும்க்கா."

"வேணாம்னு சொன்னியேடி."

"தப்பாச் சொல்லிட்டேன்."

அக்கா சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய வாய்க்காரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய சிஸ்டர் காதில் விழாதபடி சொன்னாள்: "அடியில பூரா படை. தண்ணியாக் கசியுது. உங்க மாமாகிட்டகூடக் காட்டினதில்ல. நீ பாக்காதே."

"பாக்கணும்க்கா."

"அசிங்கமா இருக்கும்டி."

"இருக்கட்டும்."

பட்டனைக் கழற்றினாள். உள்ளாடையின் கொக்கியை அவிழ்த்தாள். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது மார்பகத்தைக் கையால் தூக்கியபோது, அடைத்து வைத்திருந்த அறையைத் திறந்தது போல நாற்றம் வந்தது. அடியில் தோல் சிவந்து, மடிப்பு நெடுக வெடித்துக் கசிந்திருந்தது. பவுடர் அப்பி அப்பி, பழைய பசை மாதிரி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்த 'ச்சீ'யைச் சின்னவள் விழுங்கினாள்.

அந்த வெள்ளைத் துணி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. புதுப் பஞ்சை வெந்நீரில் நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்தாள். அக்கா "ஸ்ஸ்" என்றாள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பவுடர் உருண்டு உருண்டு வந்தது. உலர்ந்த பஞ்சால் ஈரத்தை எடுத்தாள். பல்பின் கிண்ணங்களைச் ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தபோது அந்தச் சுருண்ட முடியும் போயிற்று.

தூக்கிப் பிடிக்க ஒரு கை, விலா எலும்பை எண்ண ஒரு கை, பல்பை வைக்க ஒரு கை வேண்டும். இருந்தது இரண்டுதான்.

"சிஸ்டர், கொஞ்சம் பிடிங்க."

பெரிய சிஸ்டர் வாசல் பக்கம் பார்த்தாள். அக்காவின் வியர்வை காகிதத்தில் ஆள் வடிவத்துக்கு ஊறியிருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு கையுறை மேல் இன்னொரு கையுறையை மாட்டிக்கொண்டு வந்து, தலையை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தூக்கிப் பிடித்தாள்.

"சீக்கிரம் வை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

சின்னவள் விரலால் விலாவைத் தடவி இறங்கினாள். ஒன்று, இரண்டு, நெஞ்செலும்புக்கு இரு பக்கமும். மூன்றை அப்புறம் வைக்கலாம், முதலில் நான்கு, மார்பகத்துக்கு அடியில். நான்குக்கும் இரண்டுக்கும் நடுவில் மூன்று. நான்குக்கு நேராக அக்குளைப் பார்த்து ஐந்து, ஆறு. புண் மேல் படாமல் ஒரு விரல் தள்ளி வைத்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் அவளைக் கேலி செய்யவில்லை.

மிஷின் பேப்பரைத் தள்ளியது.

முதல் மூன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்காவது கோடு கீழே விழுந்துவிட்டு, தரைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் குன்று மாதிரி எழும்பி நின்றது. ஐந்தும் அப்படி. ஆறும் அப்படி. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பாடப்புத்தகத்தில் மாரடைப்புக்கு முதல் படமே இதுதான். பெரிய சிஸ்டர் பார்த்தாள். தூக்கிப் பிடித்திருந்த கையைக் கீழே விட மறந்துபோய் நின்றாள்.

"டாக்டரைக் கூப்பிடு," என்றாள். உடனே, "நீ இரு, நான் போறேன்," என்று ஓடினாள்.

கையெழுத்து வந்தார். பேப்பரைக் கையில் வாங்கியதும் முகம் மாறியது. அதற்கப்புறம் அவர் கையெழுத்துக்கு நேரம் எடுக்கவில்லை, வேலையைப் பார்த்தார். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். கையில் ஊசி ஏற்றச் சொன்னார். தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அடைப்பு எடுக்கிற டாக்டரைத் தயாராக இருக்கச் சொல்லி, ஆம்புலன்ஸையும் வரவழைத்தார். கட்டிலை விட்டு ஒரு அடி நடக்கக் கூடாது என்றார். எல்லாம் முடிந்த பிறகுதான் சின்னவளைப் பார்த்தார்.

"முதல்லயே ஏன் இப்படி எடுக்கல?"

நியாயமான கேள்வி. அதனால்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கேட்டவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மாமா ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார். கைப்பை இன்னும் அவர் தோளில்தான் தொங்கியது. "வாயுன்னேனே, வாயுன்னேனே," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சின்னவளின் கையைப் பிடித்தாள். கை பிசுபிசுத்தது, ஜில்லென்று இருந்தது.

"அந்தப் படைக்கு ஏதாச்சும் களிம்பு இருக்காடி?"

"இருக்குக்கா. திரும்பி வா, போட்டு விடுறேன்."

"பார்த்துட்டேல்ல. இனிமே யாருக்கு வெக்கம்," என்றாள் அக்கா. கதவு மூடியது.

சாயங்காலத்துக்கு முன்னால் மாமா போன் செய்தார். அடைப்பு எடுத்தாயிற்றாம். கண் திறந்து, கட்டில் விரிப்பின் தையல் மட்டமாக இருக்கிறது என்றாளாம். சின்னவள் மாடிப்படி வளைவில் உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்தினாள். கையில் இன்னும் அந்த நாற்றம் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அல்லது போய்விட்டது, அவள் மூக்கில் மட்டும் தங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது அறையில் பெரிய சிஸ்டர் தனியாக இருந்தாள். ஆறு பல்பும் ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரில் மிதந்தன. தண்ணீரின் மேல் ஆடை மாதிரி பழைய ஜெல் படர்ந்து, முடியும் தோல் பொருக்கும் அதில் மொய்த்திருந்தன. வெள்ளைத் துணி குப்பைக்கூடையில் கிடந்தது.

"எப்படி இருக்காங்க?"

"பிழைச்சுட்டா."

பெரிய சிஸ்டர் தலையாட்டினாள். வாளியைக் காலால் மெதுவாகத் தள்ளினாள். "இத்தனை நாளா இதைத்தான் எல்லார் நெஞ்சுலயும் வச்சுக்கிட்டு இருந்தோம்."

சின்னவள் வாளியைப் பார்க்கவில்லை. காலையில் பச்சைச் சட்டை போட்ட ஓர் அம்மாள் வந்திருந்தார். தோள்பட்டை வலி என்றார். அக்காவிடம் வந்த அதே பவுடர் வாசனை. மேலேயே ஒட்டி, பட்டனைப் போட்டுவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க," என்று சிரித்து அனுப்பியது இவள்தான். அந்த அம்மாள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார், ரொம்ப மரியாதையாக நடத்தினீர்கள் என்று.

வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் போனாள். "காலையில ஈசிஜிக்கு வந்த பொம்பளைங்க எல்லாருக்கும் போன் போடு. திரும்ப வரச் சொல்லு. முதல்ல பச்சைச் சட்டை போட்டவங்களுக்கு."

"எல்லாருக்குமா? என்னன்னு சொல்றது? மேனேஜர் கேட்டா?"

"நான் தப்பா ஒட்டிட்டேன்னு சொல்லு."

"நாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரிய சிஸ்டர் ஈரக் கையோடு நின்றாள். இருவரையும் பார்க்காமல், "நாங்க தப்பா ஒட்டிட்டோம்னு சொல்லு," என்றாள்.

பச்சைச் சட்டைக்காரர் போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை அவர் எடுத்து, அடுப்பில் வேலையாக இருந்தேன் என்றார். இப்போது எதற்கு வர வேண்டும், அதான் நல்லா பார்த்தீங்களே என்று இழுத்தார். வாங்கம்மா, உடனே வாங்க, ஆட்டோக் காசு நாங்க குடுக்கிறோம் என்று சின்னவள் கெஞ்சினாள்.

வந்தார். கட்டிலில் புதுக் காகிதம் விரித்திருந்தது. கழற்றச் சொன்னதும், அவரும் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. உனக்கு அருவருப்பா இருக்கும்."

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சின்னவள் சொல்லவில்லை. இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, பஞ்சை வெந்நீரில் நனைத்தாள்.